சியரா லியோன்ல லேபர் வார்டு வேலை, போகலாமா? அனுபவம் உள்ளவிய சொல்லுங்க

பொருநை_நர்ஸ்

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டைல ஒரு தனியார் ஆஸ்பத்திரில லேபர் ரூம் ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன். பிஎஸ்சி நர்சிங், கவுன்சில் ரிஜிஸ்ட்ரேஷன் எல்லாம் சரியா இருக்கு. ஒரு வெளிநாட்டு தொண்டு நிறுவனம் மூலமா மேற்கு ஆப்பிரிக்கால இருக்க சியரா லியோன்ல கெனிமா மாவட்டத்துல மிட்வைஃப் வேலைக்கு இன்டர்வியூ முடிஞ்சு ஆஃபர் வந்துருக்கு. ஒரு வருஷ காண்ட்ராக்ட், சம்பளம் சவுதி குவைத்துக்கு போற பிள்ளைகளோட ஒப்பிட்டா ரொம்ப கம்மி. அதப்பத்தி எனக்கு கவலை இல்ல. எனக்கு தெரிய வேண்டியது அங்க லேபர் ரூம்ல நிஜமாவே என்ன நடக்குது, என்னை மாதிரி ஒருத்தி போயி யாருக்கு என்ன பிரயோஜனம், இதுதான். கூகுள்ல தேடுனா ஒண்ணு சோகக்கதையா வருது, இல்லன்னா பிள்ளைய தூக்கி வச்சுகிட்டு சிரிக்கிற போட்டோவா வருது. அங்க வேலை பாத்தவிய யாராவது இருந்தா சொல்லுங்க.

வள்ளியூர்_வம்பன்

கேக்கேன்னு கோவிச்சுக்காதீங்க தங்கச்சி. காரையார் டேமுக்கு அந்தப் பக்கம் இஞ்சிக்குழில காணி பழங்குடி ஜனங்க இருக்காங்க, ஒரு புள்ளத்தாச்சிக்கு வலி வந்தா நடந்து, படகு ஏறி வரணும். அத விட்டுட்டு ஆப்பிரிக்கா போயி சேவை செய்யணுமா? ரோடு இல்லாத ஊரு நம்ம மாவட்டத்துலயே இருக்குல்லா. இந்த தொண்டு நிறுவனத்துக்கு எல்லாம் போட்டோ எடுக்க ஆள் வேணும், அவ்ளோதான் விஷயம்.

கடையம்காரி

நான் போயிட்டு வந்தவ. எபோலா எல்லாம் ஓஞ்ச பிறகு அதே கிழக்கு பக்கம் ஒரு ஆஸ்பத்திரில இருந்தேன், எந்த ஆஸ்பத்திரின்னு சொல்ல வேண்டாம்னு பாக்கேன். கொஞ்சம் நீளமா எழுதுதேன், பொறுமையா படிங்க.

முதல்ல ஒண்ண மனசுல வாங்கிக்கோங்க. நம்ம ஊர்ல லேபர் ரூம்னா வலி ஆரம்பிச்ச பொண்ணு வருவா, நாம பிவி (உள்பரிசோதனை) பாப்போம், வலி எப்படி போகுதுன்னு பார்ட்டோகிராஃப் சார்ட் போடுவோம், ஆறு மணி நேரமோ பத்து மணி நேரமோ கழிச்சு பிள்ளை பொறக்கும். அங்க வர்றவள்ல பாதிப்பேரு எல்லாம் நடந்து முடிஞ்ச பிறகு வருவா. ரெண்டு நாளா ஊர்ல வலி, தண்ணிக்குடம் எப்பமோ உடைஞ்சிருக்கும், பிள்ளை கை வெளிய வந்துருக்கும், அப்புறமா ஒகாடான்னு சொல்ற மோட்டார்பைக் டாக்சில முன்னாடி டிரைவரு பின்னாடி மாமியாரு நடுவுல இவளுன்னு உக்கார வச்சு செம்மண் ரோட்டுல கொண்டுகிட்டு வருவாங்க. மே மாசம் ஆரம்பிக்கிற மழை அக்டோபர் வரைக்கும் அடிக்கும், நம்ம குத்தால சீசன் சாரல் எல்லாம் அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல, ரோடு அப்படியே கரைஞ்சு போயிரும். கர்ப்பப்பை கிழிஞ்சு வர்ற கேஸ் இங்க நான் பாடபுத்தகத்துலதான் பாத்துருக்கேன், அங்க அது வழக்கமா வர்ற கேஸ்.

வயசு. பதினஞ்சு பதினாறு வயசு பிள்ளைக நிறைய வரும். 2015ல அந்த அரசாங்கம் வயித்துல பிள்ளையோட இருக்க பொண்ணுக பள்ளிக்கூடத்துக்கு வரக்கூடாதுன்னு தடை போட்டுச்சு, மேற்கு ஆப்பிரிக்க நாடுகளோட கோர்ட்டு அது தப்புன்னு சொன்ன பிறகு 2020ல தான் எடுத்தாங்க. அதுக்குள்ள எத்தன பிள்ளைக படிப்பு போச்சு.

அப்புறம் ரத்தம். மலேரியாவும் ரத்தசோகையும் சேந்து எச்பி (ஹீமோகுளோபின்) 4 இருக்கும், அந்த பொண்ணு நடந்து வந்து பெஞ்சுல உக்காந்து அக்காகிட்ட பேசிகிட்டு இருப்பா. நம்மூர்ல 7ன்னாலே பதறுவோம்லா. அவளுக்கு பிள்ளை பொறந்து நாம சாதாரணம்னு நெனைக்கிற அளவு ரத்தம் போனாலே போதும், ஆளு இருக்காது. ரத்தம் வேணும்னா சொந்தக்காரங்க யாராவது குடுக்கணும். சொந்தக்காரன் ஊர்ல இருக்கான், ஊரு அம்பது கிலோமீட்டர்ல இருக்கு, மழை பெய்யுது. பல ராத்திரி வார்டுல வேலை பாக்குறவங்களே கைய நீட்டுவாங்க.

சட்டப்படி எல்லாம் இலவசம்தான். 2010 ஏப்ரல் 27ல இருந்து கர்ப்பிணி, பால் குடுக்குற தாய், அஞ்சு வயசுக்குள்ள பிள்ளைக எல்லாருக்கும் இலவச சிகிச்சைன்னு அறிவிச்சாங்க, அது பெரிய விஷயம், அதுக்கு முன்னாடி துட்டு இல்லைன்னா வாசல்லயே நிக்கணும். ஆனா ஸ்டோர்ல கிளவுஸ் தீந்துட்டா இலவசம்ங்கிறது பேப்பர்ல மட்டும் இருக்கும், குடும்பத்துக்காரன் வெளிய ஓடணும். இது நம்ம ஊருக்காரங்களுக்கு புதுசா சொல்ல வேண்டியதில்ல.

இப்ப உங்க ரெண்டாவது கேள்வி. நீங்க போயி நாலு பிரசவம் கூட பாக்குறதால அந்த ஊருக்கு பெருசா ஒண்ணும் ஆயிறாது தங்கச்சி, வருத்தமா இருந்தாலும் சொல்லிருதேன். அங்க இருக்க நர்சுங்க நம்மள விட நூறு மடங்கு கேஸ் பாத்தவங்க. நான் இருந்த வார்டுல ஒரு ராத்திரி பிள்ளை பொறந்து ரத்தம் நிக்கவே இல்ல, மருந்து எல்லாம் போட்டாச்சு, கர்ப்பப்பை கல்லு மாதிரி ஆகாம தொளதொளன்னு கிடக்கு. நான் சர்ஜன எழுப்ப ஆள் அனுப்பிட்டு திரும்புதேன், அதுக்குள்ள அந்த ஊரு மிட்வைஃப் ஒருத்தி யூரின் கதீட்டர் நுனில காண்டம மாட்டி நூலால கட்டி உள்ள வச்சு சலைன் ஏத்தி முடிச்சிட்டா. ரத்தம் நின்னுருச்சு. அவ சம்பளப் பட்டியல்ல பேரு இல்லாம வருஷக்கணக்கா வேலை பாக்குறவ. அந்த நாட்டு ஆஸ்பத்திரிகள்ல இப்படி சம்பளம் இல்லாம வாலண்டியர்ங்கிற பேர்ல வேலை பாக்குறவங்க ஏகப்பட்ட பேரு.

அப்ப நாம எதுக்குன்னா, அவ பின்னாடி நிக்கிறதுக்கு. அவ கேட்ட நேரத்துல கதீட்டர் இருக்கணும், ஊசி மருந்து பிரிட்ஜ்ல இருந்துருக்கணும், ரெஜிஸ்டர்ல எழுதி இருக்கணும், ராத்திரி ஷிஃப்ட்ல ஒருத்தி தனியா நிக்கக் கூடாது. இந்த நாலையும் ஒரு வருஷத்துல சரி பண்ணி, நீங்க கிளம்புன பிறகும் ஓடுற மாதிரி விட்டுட்டு வந்தா அது வேலை. இல்லன்னா வம்பன் அண்ணன் சொல்ற போட்டோதான் மிஞ்சும்.

பொருநை_நர்ஸ்

அக்கா ரொம்ப நன்றி. படிச்சுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் ஓடல. அந்த காண்டம் விஷயம் நிஜமாவே வேலை செய்யுமா? எங்க ஆஸ்பத்திரில ரெடிமேட் பலூன்தான் பாத்துருக்கேன், அதுவும் ரெண்டு தடவையோ என்னமோ.

ஐகிரவுண்ட்_பிஜி

வேலை செய்யும். மகப்பேறு மருத்துவம் படிச்சுகிட்டு இருக்கேன், அதனால நான் பதில் சொல்றேன். அத கண்டுபிடிச்சது பங்களாதேஷ் டாக்கால டாக்டர் சயீபா அக்தர், 2000 வாக்குல. விலை கூடுன பலூன் வாங்க முடியாத ஆஸ்பத்திரில, கைக்கு கிடைச்ச காண்டம், கதீட்டர், நூல் வச்சு செஞ்சாங்க. இன்னைக்கு ஏழை நாடுகள் பூரா அது போயிருக்கு, நம்ம அரசு ஆஸ்பத்திரிகள்லயும் செய்றோம். வெளிநாட்டுல இருந்து வந்து கத்துக்குடுத்த விஷயம் இல்ல இது, ஏழை நாட்டு லேபர் ரூம்ல பொறந்து மத்த இடத்துக்கு போனது.

ரத்தப்போக்குல இன்னொரு விஷயம். நாம எல்லாரும் கண்ணால பாத்து "ஒரு முன்னூறு போயிருக்கும்"னு எழுதுவோம், நிஜத்துல அது எழுநூறா இருக்கும். 2023ல வந்த இ-மோட்டிவ் ஆய்வு கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாலு நாட்டுல 80 ஆஸ்பத்திரில ரெண்டு லட்சத்துக்கும் மேல பிரசவங்கள்ல நடந்தது. அளவு கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்ப அடியில விரிச்சு ரத்தத்த அளந்து, அளவு தாண்டுன உடனே மசாஜ், கர்ப்பப்பைய இறுக்குற ஆக்சிடோசின், ரத்தத்த நிறுத்துற டிரானெக்சாமிக் ஆசிட், டிரிப்ஸ், காரணம் என்னன்னு சோதனை எல்லாத்தையும் ஒண்ணு மாத்தி ஒண்ணுன்னு இல்லாம ஒரே மூச்சுல செய்றது. ஒரு லிட்டர் தாண்டுற போக்கு, அதால வயித்த கிழிக்கிற நிலைமை, சாவு இதெல்லாம் சேத்து 60 சதவீதம் குறைஞ்சுது. இதுல புது மருந்துன்னு ஒண்ணுமே கிடையாது. நீங்க போறீங்கன்னா இந்த ஒண்ண நல்லா கைப்பழக்கம் ஆக்கிட்டு போங்க.

ஆக்சிடோசின் 2ல இருந்து 8 டிகிரில இருக்கணும், தெரியும். கரண்ட் நிக்காத ஊர்ல அது பிரச்சனையே இல்ல. கரண்ட் போனா வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது, ஆம்பூல் அப்படியேதான் இருக்கும், உள்ள வீரியம் செத்துருக்கும், ஊசி போட்டுட்டு கர்ப்பப்பை இறுகலையேன்னு நிப்போம். சூடு தாங்குற கார்பிடோசின்னு ஒண்ணு இருக்கு, 2018ல பெரிய ஆய்வு வந்து உலக சுகாதார நிறுவனமும் ஏத்துகிச்சு. அங்க ஸ்டாக் இருக்கான்னு முதல் நாளே கேளுங்க. இல்லன்னா மிசோபிராஸ்டல் மாத்திரை எங்க இருக்குன்னு கேளுங்க.

வள்ளியூர்_வம்பன்

டாக்டர் சார், நான் கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லல. இங்க எல்லாம் சரி ஆயிருச்சா?

ஐகிரவுண்ட்_பிஜி

ஆகல. ஆனா ரெண்டையும் ஒண்ணுன்னு சொல்லாதீங்க. 2018-20 கணக்குல தமிழ்நாட்டுல லட்சம் பிரசவத்துக்கு 54 தாய் சாவு. சியரா லியோனுக்கு 2020க்கான கணிப்பு 443. அதுக்கு முந்தி 2017க்குன்னு சொன்னது 1120, கணிக்கிற முறை மாறிருச்சு, அதனால அந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பேசக்கூடாது, ஆனா குறைஞ்சுகிட்டு வருதுங்கிறதுல சந்தேகம் இல்ல. அப்படியும் நம்மளோட எட்டு மடங்கு.

அந்த 54 சும்மா வரல. 2001-03ல நமக்கே 134. இடையில மூணு நர்ஸ் போட்டு இருபத்துநாலு மணி நேர பிஎச்சி (ஆரம்ப சுகாதார நிலையம்), ரத்த சேமிப்பு, 2008ல 108 வண்டி, ஒரு தாய் செத்தா கலெக்டர் முன்னாடி உக்காந்து எந்த இடத்துல லேட் ஆச்சுன்னு கேக்குற தணிக்கை. அந்த தணிக்கைல கெட்டதும் இருக்கு. பயத்துல "எங்ககிட்ட சாகக் கூடாது"ன்னு அவசர அவசரமா எங்க ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கு தள்ளிவிடுற பழக்கம் வந்துருச்சு, ராத்திரி ரெண்டு மணிக்கு எங்க கேசுவாலிட்டில வந்து நின்னா தெரியும்.

ஓய்வு_கிராம_செவிலியர்

வம்பன் தம்பி இஞ்சிக்குழி பேர எடுத்தியன்னு நான் வாரேன். பாபநாசம் மலைப்பக்கம் நான் வேலை பாத்த இடம். நீங்க போயிருக்கியளா, இல்ல பேப்பர்ல படிச்சதா?

அப்பம்லாம் மலைல பேறுகாலம்னா அங்கனயே ஒரு வயசான காணிக்கிழவி பாத்துக்கிடுவா. நான் வனத்துறைல சொல்லிட்டு படகுல போயி அப்புறம் நடந்து ஏறுவேன், தடுப்பூசி டப்பா தோள்ல, இரும்புச்சத்து மாத்திரை, பிபி பாக்குற மிஷினு. அந்த கிழவிகிட்ட நான் சண்டைக்கு போனதில்ல. சண்டை போட்டா அடுத்த வாட்டி யாரு மாசமா இருக்கான்னே சொல்ல மாட்டா, நான் எங்கன போயி தேடுவேன். புது பிளேடு, நூலு, சோப்பு, விரிப்பு இருக்க பொட்டலத்த அவ கைல குடுத்து, ஆச்சி எத்தன பேரு உண்டாயிருக்கா சொல்லுங்கன்னு கேப்பேன். அவதான் எனக்கு ரெஜிஸ்டரு. ஒம்பதாம் மாசம் ஆனதும் கீழ கூட்டிட்டு வந்து சொந்தக்காரங்க வீட்லயோ ஆஸ்பத்திரிலயோ தங்க வைக்கணும், அதுக்கு அவ சொன்னாத்தான் அந்த பொண்ணு இறங்குவா, நான் சொன்னா இறங்க மாட்டா. கீழ வந்தா சோறு யாரு போடுவா, மூத்த பிள்ளைய யாரு பாப்பா, இதுக்கு பதில் சொல்லாம ஆஸ்பத்திரிக்கு வா வான்னா எப்படி வருவா.

கீழ வந்தா பீடிக்காரி. முக்கூடல், கடையம், ஆலங்குளம் பக்கம் வீட்டுக்கு வீடு தட்டு வச்சுகிட்டு உக்காந்துருப்பாவ, நெறமாசத்துலயும் குனிஞ்சே சுத்துவாவ, கெடு முடியணும்லா. புகையிலை தூசி மூக்குல. எச்பி பாத்தா 7, 8. மாத்திரை குடுத்தா வயிறு எரியுதுன்னு பானைக்கு பின்னாடி போட்டுருவாவ. இப்பம் ஊசி வந்துருக்கு, பரவால்ல.

அதனால போகட்டும் அந்த பிள்ளை. இங்க வேலைக்கு ஆள் வேணும்னா அரசாங்கம் காலிப் பணியிடத்த நிரப்பட்டும், அதுக்கு இவ ஆப்பிரிக்கா போகாம இருந்தா ஆச்சா?

வள்ளியூர்_வம்பன்

போயிருக்கேன்னு சொல்ல முடியாது அக்கா 😅 சரி, ஒத்துக்கிடுதேன். ஆனா காணிக்கிழவி மாதிரி ஆளு ஆப்பிரிக்காலயும் இருப்பாள்லா, அவள என்ன செஞ்சாங்க?

கடையம்காரி

நல்ல கேள்வி. சியரா லியோன்ல வீட்டுப் பிரசவம் பாத்தா அபராதம்னு ஊர்த்தலைவருங்க வழியா சட்டம் போட்டாங்க. பிரசவம் பாத்துகிட்டு இருந்த வயசான பொம்பளைகள கர்ப்பிணிய ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு வர்ற ஆளா மாத்துனாங்க. கணக்குப்படி ஆஸ்பத்திரி பிரசவம் கூடிருச்சு. ஆனா கூட்டிட்டு வந்து விட்டுட்டு போறதுக்கு அவளுக்கு என்ன லாபம்? முன்னாடி பிரசவம் பாத்தா கோழியோ அரிசியோ ஏதோ கிடைக்கும், மரியாதை வேற. இப்ப லேபர் ரூம் வாசல்ல நிறுத்தி "நீ வெளிய நில்லு"ன்னா அடுத்த தடவை அவ கூட்டிட்டு வர மாட்டா, அபராதத்துக்கு பயந்து காட்டுக்குள்ள வச்சு பாப்பா. எங்க வார்டுல அவங்கள உள்ள விட்டு, தலமாட்டுல உக்காந்து அந்த பொண்ணு கைய புடிச்சுக்க சொன்னோம். முதல்ல எங்க ஸ்டாஃபுக்கே பிடிக்கல. அப்புறம் பாத்தா கத்துற பொண்ணுங்க கத்தல் குறைஞ்சுச்சு, நர்சுக்கும் வேலை எளிசாச்சு.

இதோட சேத்து சொல்லிருதேன், அங்க போயி "லேபர் ரூம்ல அடிக்கிறாங்க, திட்டுறாங்க"ன்னு அதிர்ச்சி ஆகாதீங்க. நம்ம ஊர்ல என்ன வாழுதாம். "படுக்கும்போது இனிச்சுச்சா"ன்னு கேக்காத லேபர் ரூம் எது சொல்லுங்க. அதே பேச்சு அங்க வேற பாஷைல.

ஜெனரேட்டர்_அண்ணாச்சி

நான் நர்ஸ் இல்ல டாக்டர் இல்ல, ஆஸ்பத்திரி மிஷின் ரிப்பேர்காரன். சொந்த ஊரு திசையன்விளை, ஆப்பிரிக்கால மலாவி நாட்டுல வேலை பாத்தேன். இந்த இழைல எனக்கும் ஒரு சீட்டு குடுங்க.

வெளிநாட்டுல இருந்து தானமா வர்ற மிஷினு இருக்கே, அத பத்தி ஒரு ராமாயணமே எழுதலாம். ஒரு ரூம் பூரா கிடக்கும். ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வரும், அதுக்கு ஃபில்டர் வராது. அமெரிக்க மிஷினு 110 வோல்ட், அங்கன 230, சொருகுன அன்னைக்கே புகை. அல்ட்ராசவுண்டுக்கு பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. தூசி, ஈரம், வோல்டேஜ் ஏறி இறங்கும், இந்த மூணும் போதும் எந்த மிஷினையும் கொல்ல. அங்க உள்ள பசங்க கெட்டிக்காரங்க, ஒரு ஸ்பேர் பார்ட் குடுத்தா எதையும் ஓட்டிருவாங்க, அந்த ஸ்பேர் பார்ட்டுதான் வராது.

இன்னொண்ணு, மலாவில சிசேரியன் பண்றது பெரும்பாலும் டாக்டர் இல்ல, கிளினிக்கல் ஆபீசர்னு சொல்லுவாங்க, எம்பிபிஎஸ் இல்ல, தனியா அதுக்குன்னு படிச்சவங்க. முதல்ல பாத்தப்ப எனக்கு பக்குன்னு இருந்துச்சு. அப்புறம் பாத்தா அத்துப்படி. சியரா லியோன்லயும் அதே மாதிரி கத்துக்குடுக்காவளாம்லா?

தங்கச்சி, நீங்க போனா முதல்ல லேபர் வார்டு பிரிட்ஜ் எந்த பிளக்ல இருக்குன்னு பாருங்க. போன் சார்ஜ் போடுறதுக்கு எவனாவது புடுங்கி விட்டுருப்பான். டேப் போட்டு ஒட்டிருங்க வேய், இதுக்கு எந்த ட்ரெயினிங்கும் வேண்டாம் 😂

கடையம்காரி

அண்ணாச்சி பிளக் விஷயம் நூத்துக்கு நூறு 😂 ஆமா, 2011ல இருந்து கேப்பாகேர்னு ஒரு அமைப்பு அந்த நாட்டு சுகாதாரத் துறையோட சேந்து கம்யூனிட்டி ஹெல்த் ஆபீசருங்களுக்கு சிசேரியன் உட்பட ஆபரேஷன் கத்துக்குடுக்காங்க. நாட்டுல மகப்பேறு டாக்டர விரல் விட்டு எண்ணுற நிலைமைல வேற வழி இல்ல.

பொருநை_நர்ஸ்

எல்லாரும் இவ்ளோ எழுதுனதுக்கு நன்றி. எனக்கு உள்ள நிஜமான பயத்த சொல்லிருதேன். இங்க என் கண்ணு முன்னாடி தாய் இறந்தது ரொம்ப அரிது. அங்க எப்படி தாங்குறது? அடுத்து நோய். எங்க அம்மா எபோலா எபோலான்னு ஜபம் பண்ணிகிட்டு இருக்காங்க.

கடையம்காரி

சாவு பத்தி. பழகிரும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, பழகவும் கூடாது. அங்க ஒரு தாய் செத்தா பத்து நிமிஷத்துல அடுத்த பெட்டுல அடுத்தவளுக்கு பிள்ளை பொறக்கும், நின்னு அழ நேரம் இருக்காது. எங்களுக்கு உதவுனது என்னன்னா மறுநாள் காலைல உக்காந்து, யார் தப்புன்னு இல்லாம, எத்தன மணிக்கு வந்தா, எத்தன மணிக்கு ரத்தம் கேட்டோம், எத்தன மணிக்கு வந்துச்சுன்னு கடிகாரத்த மட்டும் எழுதுறது. அதுலயே அடுத்த வாரம் எத மாத்தணும்னு தெரிஞ்சுரும். அழுகைய ரூமுக்கு போயி அழுதுக்கலாம். கூட தங்குற ஆளுக யாருன்னு பாத்துக்கோங்க, அது முக்கியம், பேச ஆள் இல்லாத குவார்ட்டர்ஸ்ல ஒரு வருஷம் கஷ்டம்.

நோய். எபோலா 2014ல வந்து 2016ல முடிஞ்ச கொள்ளைநோய்ல அந்த நாட்டுல மட்டும் நாலாயிரத்துக்கு பக்கத்துல செத்தாங்க. கெனிமாவும் ஆரம்பத்துலயே மாட்டுன இடம். அந்த நாட்டுல உறுதி ஆன முதல் நோயாளியே கரு கலைஞ்சு கெனிமா அரசு ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு பொண்ணு, அவ பிழைச்சுகிட்டா. அங்க லாசா காய்ச்சல் வார்டு தலைமை நர்சா இருந்த ம்பாலு ஃபோன்னி 2014 ஜூலைல இறந்தாங்க, டாக்டர் ஷேக் ஹுமர் கானும் அதே மாசம். அந்த ஊர்ல வேலை பாக்குற நர்சுகள்ல சொந்தக்காரங்களையோ கூட வேலை பாத்தவங்களையோ இழக்காத ஆள பாக்குறது கஷ்டம். போனதும் அத பத்தி கேள்வி கேட்டு குடையாதீங்க, அவங்களா பேசுனா கேளுங்க.

இப்ப தினசரி கவலை எபோலா இல்ல, லாசா காய்ச்சல். வீட்டு எலி வழியா வர்றது, கெனிமா பக்கம் எப்பவும் உண்டு. மாசம் ஏறுன கர்ப்பிணிக்கு வந்தா ரொம்ப மோசம். ஆரம்பத்துல மலேரியா மாதிரியேதான் இருக்கும். அதனால ஒவ்வொரு பிரசவத்துக்கும் முகத்துக்கு ஷீல்டு, ஏப்ரன், ரெண்டு கிளவுஸ், அவசரம்னு சொல்லி ஒண்ண கூட விடக்கூடாது. அம்மாகிட்ட இத சொல்லாதீங்க.

மலேரியா மாத்திரைய ஒழுங்கா போடுங்க. மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம், சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடலாம், குறைஞ்சது பத்து நாளைக்கு முன்னாடி போட்டாதான் செல்லும், சர்ட்டிபிகேட் ஆயுசுக்கும் செல்லும். அது இல்லாம திரும்பி வந்தா நம்ம ஏர்போர்ட்லயே பிடிச்சு தனியா வச்சுருவாங்க.

சாப்பாட்டுக்கு கவலையே படாதீங்க, சோறுதான். சோறும் மரவள்ளி இலைய இடிச்சு பாமாயில்ல வச்ச குழம்பும். மீனு உண்டு. அரிசி சாப்பிடலைன்னா அன்னைக்கு சாப்பிடவே இல்லன்னு சொல்ற ஜனங்க.

ஐகிரவுண்ட்_பிஜி

ஜன்னி (பிபி ஏறி கர்ப்பிணிக்கு வர்ற வலிப்பு) கேஸ் பத்தியும் ஒரு வரி. ரத்தப்போக்குக்கு அடுத்து அதான் நிறைய பார்ப்பீங்க. மக்னீசியம் சல்ஃபேட் 4 கிராம் நரம்புல மெதுவா, அஞ்சஞ்சு கிராம் ரெண்டு பக்கமும் தசைல, அப்புறம் நாலு மணிக்கு ஒரு தடவை 5 கிராம். ஒவ்வொரு டோசுக்கு முன்னாடியும் முட்டில தட்டுனா துடிக்குதா, மூச்சு 16க்கு குறையலயா, யூரின் போகுதா, மூணையும் பாத்துட்டுதான். மருந்து கூடிட்டா முறிக்க கால்சியம் குளூக்கோனேட் பக்கத்துல இருக்கணும். 2002ல வந்த மேக்பை ஆய்வுலயே இந்த மருந்து வலிப்பு வர்ற அபாயத்த பாதியா குறைக்குதுன்னு தெரிஞ்சுபோச்சு, விலையும் சல்லிசு. ஆனாலும் ஜன்னில சாகுறாங்கன்னா பிபி பாக்க ஆள் இல்லாததால. ஓய்வு செவிலியர் அக்கா தோள்ல தூக்கிட்டு மலை ஏறுனாங்களே அந்த பிபி மிஷினு, அதுதான் அங்க தேவை.

ஓய்வு_கிராம_செவிலியர்

டாக்டர் ஐயா சொல்றது சரி. கால்ல நீரு வச்சிருக்கு, தலைவலி, கண்ணு பூச்சி பறக்குதுன்னு ஒரு பொண்ணு சொன்னா "மாசமா இருந்தா அப்படித்தான் இருக்கும்"னு மாமியாரு சொல்லுவா. எல்லா நாட்டு மாமியாரும் அதத்தான் சொல்லுவான்னு நெனைக்கேன்.

வள்ளியூர்_வம்பன்

சரி தங்கச்சி, நான் வம்பு பண்ணதுக்கு ஈடா ஒரு உபகாரம். நான் காண்ட்ராக்ட் படிக்கிற தொழில்ல இருக்கேன். கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி பாருங்க: பணம் யாரு குடுக்கா, எந்த மாசம் வரைக்கும் உறுதி. 2025 ஆரம்பத்துல அமெரிக்கா உதவிப்பணத்த நிறுத்துனதும் எத்தன நாட்டுல கிளினிக்க ராத்திரியோட ராத்திரியா மூடுனாங்க, நீங்க இறங்குன மறுமாசம் பிராஜெக்ட் மூடுனா டிக்கெட் யாரு போடுவா? உடம்புக்கு முடியலைன்னா அங்க இருந்து வெளிய கொண்டு வர்ற இன்சூரன்ஸ் இருக்கா? வேலைன்னு எழுதிருக்கது பிரசவம் பாக்குறதா, ட்ரெயினிங் குடுக்குறதா, ரெண்டுமா? அங்க உள்ள மேலதிகாரி அந்த நாட்டுக்காரங்களா? உங்ககிட்ட இருந்து எவனாவது முன்பணம் கேட்டா அப்பவே வெட்டி விட்டுருங்க, நிஜமான நிறுவனம் ஒத்த ரூபா கேக்காது.

கடையம்காரி

மேலதிகாரி கேள்வி ரொம்ப முக்கியம். லேபர் வார்டு இன்சார்ஜ் அந்த ஊரு மிட்வைஃபா இருந்து, நீங்க அவங்களுக்கு கீழன்னு எழுதிருந்தா தைரியமா போங்க. அவங்கள தாண்டி உங்களுக்கு தனியா ஒரு அதிகாரம்னு எழுதிருந்தா யோசிங்க. நீங்க வந்துட்டு போற ஆளு, அவங்க அங்கயே இருக்க ஆளு.

பொருநை_நர்ஸ்

அண்ணா இப்பதான் எடுத்து பாத்தேன். வார்டு இன்சார்ஜுக்கு கீழன்னுதான் போட்டுருக்கு, அவங்க அந்த நாட்டவங்கதான். பிரசவமும் ட்ரெயினிங்கும் ரெண்டும்னு இருக்கு. இன்சூரன்ஸ் இருக்கு. பணம் எதுவரைக்கும்னு இல்ல, நாளைக்கு மெயில் போட்டு கேக்கேன். பதில் திருப்தியா இருந்தா போறதுன்னு முடிவு பண்ணிட்டேன். அளவு கோடு போட்ட விரிப்பு இங்கயே வாங்கி கொண்டு போகலாமா டாக்டர்?

ஐகிரவுண்ட்_பிஜி

கொஞ்சம் கொண்டு போங்க, பழகிக் காட்ட. ஆனா உங்க பெட்டில வந்தது தீந்த பிறகு என்னங்கிறதுதான் கேள்வி. அங்க மருந்து வாங்குற பட்டியல்ல அத சேக்க முடியுமான்னு இன்சார்ஜ்கிட்ட பேசுங்க. இல்லன்னா அங்கயே கிடைக்கிற பிளாஸ்டிக் ஷீட்டும் அளவு ஜாடியும் வச்சு செய்யலாம்.

நாங்குநேரி_பிள்ளை

லேட்டா வந்துட்டேன். நான் பிஎஸ்சி நர்சிங் ரெண்டாம் வருஷம். எனக்கும் இந்த மாதிரி போக ஆசை, இப்பவே என்ன செய்யணும்?

கடையம்காரி

முதல்ல படிப்ப முடிங்க. அப்புறம் பிரசவம் அதிகமா நடக்குற அரசு ஆஸ்பத்திரில ரெண்டு வருஷமாவது லேபர் ரூம்ல நைட் டூட்டி பாருங்க, பெரும்பாலான நிறுவனம் அந்த அனுபவம் இல்லாம அப்ளிகேஷனையே பாக்காது. லீவுல பிரெஞ்சு படிங்க. சாட், நைஜர், மத்திய ஆப்பிரிக்கா, காங்கோ எல்லாம் பிரெஞ்சுதான், தமிழ்நாட்டுல இருந்து பிரெஞ்சு தெரிஞ்ச மிட்வைஃப் நான் இதுவரைக்கும் ஒருத்தியையும் பாக்கல.

நாங்குநேரி_பிள்ளை

பிரெஞ்சா 😭 இங்கிலீஷே இப்பதான் வருது அக்கா. சரி, திருநெல்வேலில எங்க சொல்லிக் குடுக்காங்கன்னு யாருக்காவது தெரியுமா?